மாமாவும் பிரிட்ஜ் காந்தமும்

கண்ணுக்குத் தெரியாத சாமானோடு மாரடிக்கும் தொழில் என்னுடையது. அப்படியொரு தொழிலில் அகப்பட்ட எவருக்கும் என் வயிற்றெரிச்சல் விளங்கும். சில அணுக்களே தடிப்புள்ள கோபால்ட் படலத்தில் காந்தம் எப்படித் திட்டுத்திட்டாகப் படிகிறது என்று எக்ஸ்ரே நுண்ணோக்கியால் பார்ப்பது என் ஆராய்ச்சி. அந்த நுண்ணோக்கி இலங்கையில் இல்லை. வெளிநாட்டில் மூன்று நாள் தருவதற்கு ஒன்றரை வருடம் காக்க வைத்தார்கள். கொண்டுபோகப் படலம் செய்ய ஐந்து மாதம் மினைக்கெட்டும் தேறியது, சிலிக்கன் மேல் படலம் பூசிய நகத்தளவு துண்டு ஒன்றே ஒன்று.

வெள்ளவத்தையில்

பயணத்தன்று காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து மாமா வழியனுப்ப எங்கள் வீட்டுக்கு வந்தார். இரும்பா பித்தளையா என்று காந்தம் வைத்துப் பார்த்தே முப்பது வருடம் ஹார்ட்வெயார் கடை நடத்தியவர். படலத்தில் தானாக விழுந்த திட்டுகளைத்தான் படம் பிடிக்கவேண்டும், காந்தம் கிட்ட வந்தாலே கலைந்துவிடும் என்று நான் இரண்டு கிழமையாக வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்தால், துண்டு வைத்த பெட்டி திறந்து கிடக்கிறது. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தட்டைக் காந்தம் மாமாவின் கையில். கத்தினேன். அவர் அசையவில்லை. என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்.

“பிள்ளை, இதில காந்தமே இல்லை. ஒட்டுதே இல்லை. உன்னை ஆரோ பேய்க்காட்டிப்போட்டாங்கள்.”

விமான நிலையத்தில்

அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான் நீட்டிய பல்கலைக்கழகக் கடிதத்தில் உலோகம் என்று இருக்கிறது, உலோகம் எங்கே என்று கேட்டார். இதன் மேல்தான் என்று சிலிக்கன் துண்டைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அரை மணித்தியாலம் போனது. எனக்கோ மாமா கலைத்ததுபோக ஏதாவது மிஞ்சியிருக்குமா என்ற கவலை. கடைசியில் இதில் ஒன்றுமே இல்லை என்று சிங்களத்தில் மரியாதையாகவே சொல்லித் திருப்பித் தந்தார்.

“மேகே முகுத் நே, மிஸ்.”

நுண்ணோக்கியின் முன்

முதல் நாளே படம் விழுந்தது. வளைந்து நெளிந்த திட்டுகளைக் காணோம். பாதி கறுப்பு, பாதி வெள்ளை, நடுவில் கோடு கிழித்ததுபோல ஓர் எல்லை. பிரிட்ஜ் காந்தத்தில் வடக்கும் தெற்கும் பட்டை பட்டையாக மாறி மாறி இருக்கும். மாமா அதை அப்படியே என் படலத்தில் பதித்திருந்தார். கழிவறைக்குள் போய் அழுதேன். திரும்பி வந்தபோது நுண்ணோக்கிக்குப் பொறுப்பான பெண் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். இவ்வளவு நேரான எல்லையைப் போட அவர்கள் இரண்டு வருடமாக முயல்கிறார்களாம். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். எல்லையை இன்னும் கிட்டப் பார்க்கலாம் என்றேன். மிச்ச இரண்டு நாளும் அந்தக் கோட்டையே படம் பிடித்தோம்.

ஆத்திரம் அடங்காமல் மாமாவுக்குப் படத்தை அனுப்பி, இது உங்கள் வேலை, பாருங்கள் என்று போனில் பேசினேன். அவர் சொன்னார்:

“அப்ப ஒட்டியிருக்குத்தானே, பிள்ளை.”

ஆராய்ச்சிக் கட்டுரையில் ‘வீட்டுப் பாவனைக் காந்தம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமாவின் பெயரைப் போட மட்டும் இன்னும் மனம் வரவில்லை.