கடையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்

அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது சத்தம்தான். அப்பா கத்துவார். அம்மா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். நான் அழுவேன். சித்தப்பா எங்கள் எல்லோரையும்விட உரக்க, "யாரும் டென்ஷன் ஆகாதீங்க" என்பார்.

தி. நகரில், ஆள்மேல் ஆள் இடித்துக்கொண்டு போகும் ஒரு சந்தில் அப்பாவும் சித்தப்பாவும் ரெடிமேட் துணிக்கடை வைத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு மாடியில் எங்கள் வீடு. சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளி வியாபாரம் முடிந்ததும் கடைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதுவரை பில் போட்டுக்கொண்டிருந்த பழையதை, ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம்கூட அழியாமல், வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

"உனக்குத்தான்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். ஏதோ நகை வாங்கி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு அது நிஜமாகவே தேவைப்பட்டது. அவள் விலங்கியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பால் வீட்டுக்குக் கிடைத்த ஒரே பயன், மீன் வாங்கும்போது செவுளைப் பார்த்து அவள் சொல்லும் தீர்ப்புதான். அந்த வருடம் யாரிடமும் அதிகம் கலந்துபேசாமல் ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்துத் தரும் வேலை அது. எலும்பு, நரம்புப் பெயர்களெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் சீக்கிரம் தேறிவிட்டாள். ஒரு கம்பெனி அவளை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது. முதலில் சில வாரம் சோதனைக்கு. ஒழுங்காக நேரத்துக்கு அனுப்பினால் வேலை நிரந்தரம்.

மத்தியானம் சாப்பாட்டு வேலை ஒழிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். நான் பள்ளியிலிருந்து வரும்போது வாய் அசைய எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே டைப் அடிப்பாள். அப்போது அவள் எங்கள் அம்மா மாதிரியே இருக்கமாட்டாள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

முதல் வாரத்திலேயே கம்ப்யூட்டர் தன் வேலையைக் காட்டியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று மவுஸ் நகராது, திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்தாக வரும், பிறகு தானே அணைந்து தானே எழும். அதற்குள் அம்மா அடித்ததில் பாதி போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து அடிப்பாள். முடிக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி நீலம்.

எங்கள் வீட்டு நிபுணர் சித்தப்பா. அவர் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவர். முதலில், "வைரஸ் மதினி" என்றார். அண்ணன் மனைவியை மதினி என்று கூப்பிடும் ஊர்ப் பழக்கம் அவரிடம் மாறவேயில்லை. ஒரு சிடியைப் போட்டு வைரஸை விரட்டினார். அடுத்த முறை ராம் என்கிற பட்டையைக் கழற்றி, என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினார். அதுவும் பலிக்காததால், "ஃபார்மட் போட்டுருவோம்" என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய்க் குளியல் மாதிரி ஃபார்மட்டும் நடந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்ததெல்லாம் அழியும். அன்றைக்கு ஒரு நாள் ஒழுங்காக ஓடும். திங்கட்கிழமை அம்மா உட்கார்ந்ததும் பழையபடி ஆகும்.

"நான் போட்டுக் குடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்று சித்தப்பா அப்பாவிடம் சொன்னார். பொய்யில்லை.

அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "அவன் தொட்டா ஓடுது, நீ தொட்டா நிக்குது. கண்ட பட்டனையும் அழுத்தினா அது என்ன செய்யும்?"

"நான் எழுத்தத் தவிர எதையும் அழுத்தலங்க."

"பின்ன அதுவா நிக்குதா? மிஷினுக்கு ஒன்மேல கோவமா?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு உடைந்த தம்ளரை நான்தான் பெருக்கினேன். எனக்கும் அம்மாமேல்தான் கோபம். மிஷின் சரியாக இருந்தாலாவது அவள் சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு எழுந்து வருவாள்.

கம்பெனியில் அம்மாவின் வேலையை மேற்பார்வை செய்யும் மேடம் ஒருத்தி தினமும் போன் செய்வாள். அம்மா முதலில் விளக்கமாகச் சொல்வாள், பிறகு சுருக்கமாக, பிறகு, "சாரி மேடம்" மட்டும். கடைசியாக வந்த போனில் அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள். "தினம் இதே காரணத்தைச் சொன்னா யாரு நம்புவாங்கன்னு கேக்கறா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வேலை போய்விட்டது.

அப்பா அன்று வழக்கத்தைவிடச் சாந்தமாக இருந்தார். "போனா போகுது விடு. வீட்டைப் பாக்கவே ஒனக்கு நேரம் பத்தல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. சித்தப்பா ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டே, ஆறுதல் சொல்லும் நல்லெண்ணத்தில்தான் வாயைத் திறந்தார். "நீங்க மனசுல வச்சுக்காதீங்க மதினி. அந்தச் சனியன் கடையில இருக்கறப்பவே இப்படித்தான். தீபாவளிக் கூட்டத்துல பில் போடப் போட நின்னு போவும். கஸ்டமர்லாம் சத்தம் போடுவாங்க. அதனாலதான புதுசே வாங்குனோம்."

அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியுமா ஒங்களுக்கு?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா முள் எடுத்துக்கொண்டிருந்தார். "அங்க நாள்பூரா ஓடும். வீட்டுல கொஞ்ச நேரந்தான, தாங்கும்னு நெனச்சேன்."

"தெரியுமான்னுதான் கேட்டேன்."

அவர் அடுத்த முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். அம்மா சாப்பிடாமலே அன்று படுத்துவிட்டாள்.

மறுநாள் எனக்கு ஏதோ விடுமுறை. ஆண்கள் கடைக்குப் போனதும் அம்மா கம்ப்யூட்டர் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் படுக்கவைத்து ஸ்க்ரூவைக் கழற்றினாள். தனக்குத்தானே பேசிக்கொள்வது போல, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "கடையிலயும் நின்னுருக்கு. எல்லாத்தையும் அழிச்ச பிறகும் நிக்குது. அப்ப வைரஸ் இல்ல. நானும் இல்ல. ஒடம்புலதான் எங்கயோ இருக்கு" என்றாள்.

டார்ச் அடித்து ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அவசரமே படவில்லை. பச்சை நிறப் பலகையின் ஒரு பக்கம் சின்னச் சின்ன உருளைகள் வரிசையாக நின்றன. "இங்க வா. இதையும் பாரு, இதையும் பாரு" என்றாள். சிலவற்றின் தலை தட்டையாக இருந்தது. சிலவற்றில் மட்டும் தலை உப்பி, ஓரத்தில் பழுப்பாக ஏதோ பொங்கிக் காய்ந்திருந்தது. அவ்வளவுதான். ரப்பர் தேய்த்தபோதெல்லாம் சித்தப்பாவின் கை அவற்றின் பக்கத்தில்தான் போய்வந்தது.

பலகையைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி, துணிப்பையில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனாள். பழுது பார்க்கும் கடை ஒன்றில் ஒருவர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, கெபாசிட்டர் பாதி ஊதிக்கினு கீது! இத்த வச்சிக்கினா இம்மாம் நாள் ஓட்டினீங்கோ?" என்றார்.

"எது எது மாத்தணும்னு நான் காட்டறேன். அத மட்டும் மாத்துங்க" என்றாள் அம்மா. அவர் சிரித்துக்கொண்டே மாற்றினார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டாள். சிடியில் வைத்திருந்த பயிற்சிக் காலத்துப் பதிவு ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பித்தாள். நீலத் திரை வரவில்லை. என்னைப் பாட்டுப் போடச் சொன்னாள், விளையாடச் சொன்னாள், மறுபடி அவளே அடித்தாள். சாயங்காலம்வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. நேரம் ஆக ஆக அம்மாவின் முகம் மட்டும் இறுகிக்கொண்டே வந்தது.

விளக்கேற்றும் நேரத்தில் கம்பெனி மேடத்துக்குப் போன் செய்தாள். "மிஷின்லதான் ஃபால்ட் இருந்தது மேடம். கண்டுபிடிச்சு மாத்திட்டேன்." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "இல்ல, பரவால்ல. தெரியட்டும்னுதான் சொன்னேன்" என்று வைத்துவிட்டாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

அப்பாவும் சித்தப்பாவும் வந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் மூச்சுவிடாமல் நடந்ததைச் சொன்னேன். சித்தப்பா குனிந்து பார்த்து, "அட, கெபாசிட்டரா!" என்றார். அப்பாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"பரவாயில்லையே! ரெண்டாவது கவுண்டருக்கு ஒண்ணு வேணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். நாளைக்கு ஆள் அனுப்பறேன், எடுத்துட்டு வரட்டும்."

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். கம்ப்யூட்டருக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"தொட்டுப் பாருங்க."

"என்னது?"

"தொட்டுப் பாருங்கன்னேன். கெட்டதுன்னு தெரிஞ்சு எங்கிட்ட குடுத்தீங்க. ஓடலன்னதும் என் கை சரியில்லன்னீங்க. போன்ல ஒருத்தி நான் பொய் சொல்றேன்னு நெனச்சா, அப்பவும் நீங்க வாயத் திறக்கல. இப்ப ஓடுதுன்னதும் கடைக்கு வேணுமா?"

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார். "சரி, சரி, கத்தாத, இங்கயே இருக்கட்டும்" என்று அப்பா கை கழுவப் போனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கம்ப்யூட்டர் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

அம்மா தோசை வார்க்கப் போனாள். தோசைத் திருப்பி கல்லில் படும் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். நான் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அதான் சரியாயிடுச்சேம்மா. இன்னும் ஏன் கோவமா இருக்க?"

"சரியானதுனாலதான்" என்றாள், கல்லைப் பார்த்தபடியே.

பெரியவர்கள் சொல்வதில் பாதி எனக்கு அப்போது புரியாது. இது சுத்தமாகப் புரியவில்லை. கெட்டுப்போனால் எல்லோருக்கும் கோபம் வரும், சரியான பிறகும் கோபப்படுகிற ஒரே ஆள் எங்கள் அம்மாதான் என்று நினைத்துக்கொண்டு, தட்டை எடுத்து வைத்தேன்.