ஆறாம் பாகத்தின் கடைசிக் கட்டம்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் பாக்கெட்டின் மேல் நின்றிருந்த மழைத் தண்ணீரைத் துடைத்துவிட்டுக் காய்ச்சினேன். பள்ளி அலுவலகத்துக்கு அந்த வாரம் கட்டிச் சென்ற புடவைகளைத் துவைத்தேன். வானம் இருந்த நிலையில் மாடிக்குப் போவதில் அர்த்தமில்லை என்று கூடத்திலேயே கொடி கட்டி உலர்த்தி, மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். பிறகு ராஜாஜி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரில் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஜூன் மாதத்திலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வரிசையில்தான் போய்க்கொண்டிருந்தன.

ஜூனில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. காலும் திரும்பிவிட்டது, கொஞ்சம் இழுத்து நடப்பார். வலது கைதான் பாக்கி. தோள் அசையும், மணிக்கட்டு வளையும், விரல்கள் மட்டும் சொன்ன பிறகு யோசித்துவிட்டு மடங்கும். அண்ணன் நெசவு செய்கிறவர். கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு புடவை பாதியில் நின்றது நின்றபடி, தூசு படாமல் இருக்க ஒரு படுக்கை விரிப்பால் மூடப்பட்டுக் கிடந்தது. அது தை மாதக் கல்யாணத்துக்குப் போக வேண்டிய புடவை.

பட்டும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளி ஐப்பசியில் வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அண்ணனைவிட வயதில் சின்னவர்.

"அண்ணா, நான் அவசரப்படுத்தல. கார்த்திகை பொறக்கட்டும். மொதல் திங்கக்கெழம நீங்க உக்காந்தா சரி. இல்லன்னா முசரவாக்கத்துல இருந்து ஒருத்தர அனுப்புறேன். தறி இதேதான், அண்ணி எப்பவும் போல கூட உக்காந்து கரைக்கு நாடா எறியட்டும்" என்றார்.

அண்ணன் தலையாட்டினார். அவர் தெருமுனை திரும்பிய பிறகு என்னிடம் கேட்டார்: "என் வூட்டுல, என் தறிக் குழியில, வேற ஒருத்தன் காலத் தொங்கப் போட்டுக்கினு உக்காருவானா? இவ அவன் பக்கத்துல உக்காந்து எறிவாளா?"

அந்த முதல் திங்கட்கிழமைதான் நவம்பர் 18.

கை தேறுவதற்குப் பயிற்சியாளர் ஒரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்திருந்தார். அண்ணன் அதை இரண்டு நாள் அமுக்கிப் பார்த்துவிட்டுக் குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் உருட்டிவிட்டார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள்தான் பழைய வீடியோ கேம்கள் எல்லாம் அடங்கிய ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்து டிவியில் மாட்டினாள். அதில் நாங்கள் சிறுவயதில் ஆடிய தொடர் முழுவதும் இருந்தது. பச்சைத் தொப்பி போட்ட ஒரு குட்டி வீரன், கையில் ஈட்டி. ஓடுவான், தாண்டுவான், குத்துவான். அந்தத் தொடர் இன்றுவரை புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது என்று மகள் சொன்னாள். எங்களுக்குத் தெரிந்தது ஆறு பாகங்கள்.

கேசட் போட்டு ஆடும் அந்த டிவி கேமை ஒரு தீபாவளிக்கு அப்பா வாங்கித் தந்தார். கூட வந்த இரண்டு கன்ட்ரோலரில் ஒன்று பொங்கலுக்குள் செத்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை இருவரும் சேர்ந்து பிடித்தோம். இடது பக்கம் இருக்கும் திசைப் பொத்தான்கள் எனக்கு. வலது பக்கம் இருக்கும் தாண்டும் பொத்தானும் குத்தும் பொத்தானும் அண்ணனுக்கு. பார்க்க வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்யும்போது ஒரே தறியில் இரண்டு பேர் உட்காருவார்கள். நெய்கிறவர் ஒருவர். ஒரு பக்கக் கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிகிறவர் இன்னொருவர். எங்கள் வீட்டில் அப்பா நெய்தார், அம்மா எறிந்தார். அம்மாவுக்கு முடியாத நாட்களில் அண்ணன் நெய்ய நான் எறிந்தேன். ஒரு புடவைக்கு இரண்டு பேர் என்றால் ஒரு வீரனுக்கும் இரண்டு பேர் இருக்கலாம்.

முதல் ஐந்து பாகங்களையும் அப்படியே முடித்தோம். மூன்றாவதுதான் உயர்ந்தது. பொத்தானைத் தொட்ட கணத்தில் வீரன் காற்றில் இருப்பான். விழுந்தால் நம் தப்பு, மறுபேச்சு கிடையாது.

ஆறாவதை ஒரு வாடகைக் கடையில் இருந்து எடுத்து வந்தோம். பார்க்க அழகாக இருந்தது. வீரனுக்குக் கவசம், பின்னால் நகரும் மேகம், மழை. ஆனால் தாண்டச் சொன்னால் அவன் முதலில் முழங்காலை மடக்குவான், அப்புறம்தான் எழும்புவான். அந்த மடக்கலைக் காட்டத்தான் செய்தவர்கள் ஆசைப்பட்டிருக்க வேண்டும். அதற்குள் எதிரில் வருவது வந்து இடித்துவிடும். இடி பட்டால் பின்பக்கமாகப் பறந்து, தாண்டி வந்த பள்ளத்திலேயே விழுவான். விழுந்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்கு. நாலாம் கட்டத்துக்கு மேல் நாங்கள் போனதில்லை. "நீ லேட்டா அமுக்குறே" என்று நானும், "நீ சீக்கிரம் ஓட்றே" என்று அவரும் அந்த விடுமுறை முழுக்கச் சண்டை போட்டோம். தறியில் தப்பு நடந்தால் எந்தக் கை என்று துணியிலேயே தெரிந்துவிடும். இந்த விளையாட்டில் தெரியவில்லை. கேசட்டைத் திருப்பிக் கொடுத்தபோது யாருக்கும் வருத்தமில்லை.

ஜூலையில் எந்தப் பாகம் வேண்டும் என்று மகள் கேட்டபோது அண்ணன் யோசிக்கவே இல்லை. "ஆறாவது போடு. அத்த முடிக்காம வுட்டுட்டோம்."

"அப்பா, அது செம மொக்க கேம் பா. நெட்ல அத்தத் திட்டாத ஆளே இல்ல."

"மொக்கையா இருந்தா இன்னா? நானும் மொக்கையாத்தான் இருக்கறேன்."

பழைய வழக்கப்படியே உட்கார்ந்தோம். இடது பக்கம் என் விரல், வலது பக்கம் அவர் விரல். ஆகஸ்டில் இரண்டாம் கட்டம் தாண்டினோம். புரட்டாசியில், நாங்கள் எப்போதும் தோற்ற அந்த நாலாம் கட்டம். அண்ணன் மறுபடி சவரம் செய்துகொள்ளவும் சட்டை மாற்றவும் தொடங்கினார். பயிற்சியாளரிடம் "நாலாவது தாண்டிட்டேன் சார்" என்று சொல்ல, அவர் ஒன்றும் புரியாமல் "வெரி குட்" என்றார். தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் விரிப்பைத் தூக்கித் தறியைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். அண்ணி அதை எனக்குப் போனில் சொன்னார். நம்பிக்கை வந்த குரல் அது.

நவம்பர் 17 அன்று கடைசிக் கட்டத்தில் இருந்தோம். வெளியே மழை விடவில்லை. டிவிக்குள்ளும் மழை. கடைசிப் பள்ளத்தைத் தாண்டி, அரக்கனின் கொம்பில் ஈட்டி இறங்கியதும் திரை வெளுத்தது. மூட்டம் விலகி, பச்சைத் தொப்பி வீரன் ஒரு குன்றின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவ்வளவு பாடுபட்டதற்கு மிகவும் சுமாரான முடிவு.

அண்ணனுக்கு அது போதும். "முட்ச்சிட்டோம்மா!" என்று கத்தினார். அண்ணி அடுப்படியில் இருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. நாளைக்கி உக்காருறோம். நாடா எல்லாம் எடுத்து வை."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் அப்பாவின் தலையைக் கலைத்தாள். "அப்பா, அந்தத் தண்டத்தையே முட்ச்சிட்டீங்க. இப்போ நல்ல கேம் ஒண்ணு ஆடுங்க. மூணாவது போடறேன். கண்ண மூடிக்கினு ஆடுவேன்னு பெரும பேசினீங்களே?"

"போடு, போடு. காட்டறேன்."

மூன்றாம் பாகத்தின் தொடக்கத்திலேயே ஒரு செங்கல் பாலம் வரும். மிதித்ததும் கல் உடையும் பாலம். சிறுவயதில் நாங்கள் பேச்சைக்கூட நிறுத்தாமல் தாண்டிய இடம். வீரனை ஓட்டினேன். விளிம்பு வந்தது. அவன் தாண்டாமல் நேராகப் பள்ளத்துக்குள் போனான்.

மகள் சிரித்தாள். "கண்ணத் தொறந்துக்கினு ஆடுங்கப்பா!"

"கை சூடாவல. இன்னொரு வாட்டி."

மறுபடி விழுந்தான். அதற்கு அடுத்த முறையும். நாலாவது முறை மகள் சிரிக்கவில்லை.

"நீ இன்னாமா இந்த ஓட்டம் ஓட்றே? கொஞ்சம் நில்லேன்" என்றார் அண்ணன்.

"எப்படிண்ணா நிக்கிறது? நின்னா கல்லு ஒடஞ்சிடுது."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. அண்ணன் கன்ட்ரோலரில் இருந்து கையை எடுத்தார். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ அதுல நின்னியா?"

"எதுலண்ணா?"

"ஆறாவதுல. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்னு நின்னுதான் வந்தியா? நான் அமுக்குற வரிக்கும்?"

நான் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு முறைகூட நினைத்ததில்லை. கரை எறிகிறவர் நெய்கிறவரின் கையைப் பார்த்துத்தான் எறிவார். அவர் வேகமானால் வேகம், அவர் தாமதித்தால் தாமதம். அது யாரும் எடுக்கிற முடிவு அல்ல, கை பழகிக்கொள்வது. ஒவ்வொரு விளிம்பிலும் என் கட்டைவிரல் தானாகத் தளர்ந்திருக்கிறது. வீரன் நின்றிருக்கிறான். முழங்காலை மடக்கி மெதுவாக எழும்புகிறவன் என்பதால் எது அவன் தாமதம், எது அண்ணனின் தாமதம் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஜூலையில் இருந்து தேறிக்கொண்டிருந்தது அவர் விரல் அல்ல, என் நிற்றல்.

"அத்தை வேணும்னு செய்யலப்பா" என்றாள் மகள்.

"வேணும்னு செஞ்சான்னு யாரு சொன்னா?" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "நாளைக்கி நீயும் அப்பிடித்தான் நிப்பே."

"நான் நிக்காம வேற யாரு நிப்பா?"

"நின்னா ஆச்சா? நீ எறியறது நின்னு எறியலாம். நான் இழையத் தட்டுற அடி ஒரே மாரி வுழணுமே. ஒண்ணு இறுக்கி, ஒண்ணு தளந்து அடிச்சா குறுக்கால கோடு கோடா வுழும். கட்டிக்கப் போற பொண்ணு கோட்டக் கட்டிக்கினு மணையில உக்காருமா?"

குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. மகள்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "பொங்கலுக்குள்ள விரல் வந்துடும்ணா, டாக்டர் சொன்னாரே" என்றேன். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணனும் கூட இருந்து அதைக் கேட்டவர்தான்.

"வரும், வரும்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்லுகிறவர் போல. டிவியை அணைக்கச் சொன்னார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டோம். அண்ணன் இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் என் எதிரில் வலது கையால்தான், சிந்தினாலும் பரவாயில்லை என்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தேன். தண்ணீர் தேங்கிய தெருக்களில் மெதுவாக வீடு வந்தேன். கொடியில் புடவைகள் ஒன்றுகூடக் காயவில்லை. ஆறாம் பாகத்தைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பழைய கோபம் வந்தது. ஒரு விளையாட்டு மனிதனிடம் உடனுக்குடன் உண்மை சொல்ல வேண்டும். அது சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருந்தால் அந்த நாலு மாதமும் அண்ணன் சவரம் செய்துகொண்டிருக்க மாட்டார். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் படுத்தேன்.

மறுநாள், திங்கட்கிழமை. எழுந்ததும் மோட்டார் போடவில்லை, பால் காய்ச்சவில்லை. நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, தறிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி நாடாக்களை எடுத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் போனை நீட்டி, முதலாளிக்குப் போடச் சொன்னார். போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவர் வாயருகே பிடித்தேன்.

"மொதலாளி, நாந்தான். முசரவாக்கத்து ஆள வரச் சொல்லுங்க."

"இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாமாண்ணா? நான் கல்யாண வூட்டாருகிட்ட பேசறேன்."

"வேணாம்பா. அடுத்த பொடவைக்குப் பாவு ஏத்தும்போது பாப்போம். ஒண்ணே ஒண்ணு. இவ நல்லா வேகமா எறியறவ. அதுக்கு ஈடு குடுக்குறவனாப் பாத்து அனுப்புங்க."

"சரிண்ணா. சாப்பிட்டுட்டு வந்துடுவாரு."

போனை வைத்தேன். அண்ணி தறியின் மேலிருந்த விரிப்பை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார்.