ரேடான் சோதனைக்காகச் சோடித்த வீடு

ஆவடியில் நாங்கள் குடியிருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வீட்டில் படுக்கையறை சன்னல் திறந்திருந்து நான் பார்த்ததே அபூர்வம். பின்னால் சாக்கடை, பொழுது சாய்ந்தால் கொசு. என் கணவர் சன்னலைத் தாழ் போட்டு, இடுக்குகளில் பழைய துணியையும் திணித்து வைத்திருந்தார். அப்படி அடைத்த அறைக்குள் உட்கார்ந்துதான் சிகரெட்டும் பிடிப்பார். விடிந்தால் இருமல். "சன்னலையாவது திறங்களேன்" என்றால், "கொசுவை நீ வந்து அடிப்பியா?" என்பார். எனக்கு எதிர்த்துப் பேச வராது. சமையலறைக்குப் போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் எங்கள் வரிசைக்கு வந்தாள். வீடுகளில் ரேடான் என்ற வாயு எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். மண்ணிலும் கல்லிலும் துளித்துளி யுரேனியம் உண்டு. அதிலிருந்து உண்டாகிற இந்த வாயு, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வரும். வாசனை இல்லை, நிறம் இல்லை. வெட்டவெளியில் கலைந்து போய்விடும், அடைத்த அறையில் சேரும். நிறையச் சேர்ந்த இடத்தில் வருடக்கணக்காக மூச்சு விட்டால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம்.

"இவருக்கு விடிஞ்சா இருமல்மா. அது இதனாலயா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லீங்கம்மா. ரேடான் ஒரு அறிகுறியும் காட்டாது. இருமல் சிகரெட்டாலதான் இருக்கும், டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆனா சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ரேடானும் சேர்ந்தா ஆபத்து ரொம்ப அதிகம்."

அன்றிலிருந்து அந்த அறையைப் பெருக்கும்போதுகூட நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

உள்ளே சின்ன ஃபிலிம் துண்டு ஒட்டிய பிளாஸ்டிக் டம்ளர் மாதிரி ஒன்றை அவள் படுக்கையறையில் தொங்கவிட்டாள். வாயுவிலிருந்து வரும் கதிர்கள் அந்த ஃபிலிமில் நம் கண்ணுக்குத் தெரியாத தடங்களை விடும். அவற்றைப் பிறகு எண்ணிப் பார்ப்பார்களாம். "மூணு மாசம் தொங்கட்டும். நீங்க எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தக் கடைசி வார்த்தைதான் என் கணவர் காதில் ஏறவில்லை. குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பார்வையிட ஆள் வருகிறார் என்றால் அனுமதியில்லாமல் போட்ட கொட்டகை இறங்கிவிடும், கோழிகள் வேறெங்கோ விருந்துக்குப் போய்விடும், சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும். வந்தவர் போன மறுநாள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இவருக்கு ரேடான் சோதனையும் அந்த வகையில் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே இடுக்கிலிருந்த துணியைப் பிடுங்கினார். சன்னலை விரியத் திறந்தார். டேபிள் ஃபேனை அந்த டம்ளருக்கு நேராகத் திருப்பி வைத்தார். சிகரெட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

"ஏங்க, எப்பவும் போலத்தானே இருக்கச் சொல்லிச்சு அந்தப் பொண்ணு?"

"சும்மா இரு. நம்ம வீடு மோசம்னு ரிப்போர்ட் வந்தா ஃபேக்டரியே சிரிக்கும்."

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பால் ஊற்ற வரும் பெண் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, அண்ணாத்தே டம்ளருக்கு ஃபேன் போட்டு வுட்டுக்கீறாரு? அதுக்கு வேர்க்குதா?"

"அது வீட்டுக் காத்தை அளக்குதாம்."

"அதான் நல்ல காத்தா பாத்துக் குடுக்கிறாரா? வெவரந்தான் போ!"

அந்த மூன்று மாதமும் கொசு எங்களைப் பிய்த்து எடுத்தது. ஆனாலும் அறையில் புகை நாற்றம் இல்லை. இப்படியே இருந்துவிடக் கூடாதா என்று எனக்கு ஆசையாக இருந்தது. எங்கே! அந்தப் பெண் டம்ளரை எடுத்துக்கொண்டு போன அன்று சாயந்திரமே சன்னல் சாத்தியாயிற்று, துணியும் இடுக்குக்குப் போயிற்று.

சில வாரம் கழித்து முடிவைச் சொல்ல அவள் வந்தாள். "உங்க வீட்ல கம்மிதான். கவலைப்படாதீங்க."

அவள் வாசற்படி இறங்குவதற்குள் இவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தியா? நம்ம வீட்ல ஒண்ணும் கிடையாது" என்று அறைக்குள் போய், சாத்திய சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைப் பற்ற வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இனி நான் எதைச் சொல்லி இந்த மனிதரைத் திருத்துவது? நல்ல ரிப்போர்ட்டே வந்துவிட்டதே!

தெருவில் நின்று யாரிடமும் பேசிப் பழக்கமில்லாத நான், செருப்புக்கூடப் போடாமல் ஓடி அவளை நிறுத்தினேன்.

"அம்மா, நீங்க அளந்தது நாங்க இருக்கிற வீட்டையே இல்லம்மா" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இந்த வரிசையே இப்படித்தான் பண்ணிச்சா?"

எனக்குத் தெரிந்து, எதிர்வீட்டில் சாம்பிராணி வேறு போட்டார்கள். அதை நான் சொல்லவில்லை.

"அப்ப நான் சொன்ன அளவு திறந்து வெச்ச அறைக்குத்தாம்மா. மூடி வெச்சா எவ்வளவுன்னு தெரியாது. மறுபடி அளக்கணும். எப்ப வர முடியும்னு இப்ப சொல்ல முடியல."

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் நின்றேன். "அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மறுபடி அளக்கணுமாம்."

"நீயா? தெருவுல நின்னா பேசின?" சிகரெட் கையிலேயே நின்றது. "எப்ப வராங்களாம்?"

"தெரியாதாம்."

"சொல்லாம கொள்ளாம வந்து நிப்பாங்களா?"

"வந்தாலும் வருவாங்க."

எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் போய்க் கம்பி வலை வாங்கி வந்து அவரே அடித்தார். இத்தனை வருடம் நான் கெஞ்சியும் நடக்காத வேலை!

அந்தப் பெண் பிறகு வரவே இல்லை. சன்னல் திறந்தேதான் இருந்தது. நுரையீரலுக்காக இல்லை, ரிப்போர்ட்டுக்குப் பயந்து. சிகரெட்டும் கொல்லைப்புறத்தோடு நின்றது, மழைக்காலத்தில் குடைக்கு அடியில். "அந்தக் கருமத்தையும் விட்டுத் தொலைக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"ஏன், அதை அளக்கவும் ஆள் வராங்களா?" என்றார்.