அப்பாவின் மீசையும் என் நர்சிங் சான்றிதழும்

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை என் வாழ்க்கையே பிளாஸ்டிக்குக்குள் மாட்டிக்கொண்டது. மாரியாத்தாளை நம்பும் சொந்தங்களே, அவள் என்னை எப்படி வெளியே எடுத்தாள் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ராணுவத்தில் நர்சாகச் சேர வேண்டும் என்பது என் சின்ன வயசுப் பிடிவாதம். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்த வாரம் டெல்லியில் நேர்காணல். மாநில நர்சிங் கவுன்சில் கொடுத்த பதிவுச் சான்றிதழின் அசலைக் காட்ட வேண்டும், அதை லேமினேட் செய்திருக்கக் கூடாது என்று அழைப்புக் கடிதத்தில் இருந்தது. இதை விட்டால் அடுத்த முறைக்கு எனக்கு வயது தாண்டிவிடும்.

அப்பாவுக்கு நாரணாபுரத்தில் லேமினேஷன் கடை. காலண்டர் அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் அவரிடம்தான் வரும். ஒரு காகிதம் வெறுமனே கிடந்தால் அவருக்குக் கை அரிக்கும். ரேஷன் கார்டு, என் ஜாதகம், அம்மாவின் வளைகாப்புப் பத்திரிகை எதையும் விட்டதில்லை.

அன்று மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். விருதுநகர் தாண்டும்போது அப்பாவிடமிருந்து போனில் ஒரு படம். பளபளவென்று என் சான்றிதழ்! கீழே, "தாயி, இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

ஒட்டின பிளாஸ்டிக்கை உரித்தால் காகிதமும் சேர்ந்து கிழியும். புதுச் சான்றிதழ் வாங்க மாதக்கணக்கில் ஆகும். எல்லாம் போச்சு.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தெருமுனை மாரியாத்தா கோயிலுக்குப் போனேன். பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே ஊரில் கரண்ட் இல்லை. வேர்த்து ஊற்றியது. முதலில் கரண்டை நிறுத்தியவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் அழுதேன். "ஆத்தா, அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துரு. என் முடியை..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். மொட்டைத் தலையோடு நேர்காணலுக்குப் போகவா? "எங்கப்பா மீசையைத் தாரேன்" என்று முடித்தேன். வினை அவர் செய்ததுதானே!

அப்பாவின் மீசை லேசுப்பட்டதில்லை. கல்யாணப் போட்டோவில் அம்மாவுக்கு முன்னால் அதுதான் கண்ணில் படும்.

கடைக்குப் போனேன். அப்பா சான்றிதழும் கையுமாக மெஷின் முன்னால் உட்கார்ந்து விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செய்றீக?"

"கரண்டுக்குக் காத்திருக்கேன் தாயி. காலையில இதை உள்ள விடவும் கரண்டு போயிருச்சு. இன்வெர்ட்டர்ல உருளை சுத்துச்சு, சூடு ஏறலை. இப்ப அதுவும் இறங்கிப்போச்சு. பாரு, ஒட்டாம அங்கன இங்கன காத்து நிக்குது. கரண்டு வரட்டும், இன்னொரு தடவை விட்டா ஜம்முனு ஆயிரும்."

"ஆத்தா!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் சான்றிதழைக் கீழே போட்டுவிட்டார். எடுத்து ஓரத்தை நகத்தால் நெம்பினேன். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஓர் எழுத்துகூடப் பெயரவில்லை. கடைசி மூலை பிரிந்ததும் தலைக்குமேல் விசிறி சுற்ற ஆரம்பித்தது. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் பொழைப்புலயே கை வைக்கப் பாத்தேனே தாயி!" வேண்டுதலையும் சொன்னேன். கண்ணீர் சட்டென்று நின்றது.

"என் மீசையை நேந்துக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா விடவில்லை. "பேசாமக் குடுத்துட்டு வாங்க. ஆத்தா கொஞ்சமாத்தான் கேட்டிருக்கா."

வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டுத் திரும்பியவரை வாசலில் நிறுத்தி, "யாரு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள் அம்மா.

டெல்லியில் சான்றிதழைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி என்றார்கள். இன்று நான் ராணுவ மருத்துவமனையில் லெப்டினன்ட். நான் கேட்பதற்கு முன்பே ஆத்தா கரண்டை நிறுத்தியிருக்கிறாள். அதைத்தான் அவள் சன்னதியிலேயே நின்று திட்டியிருக்கிறேன்! இப்போதெல்லாம் வார்டில் கரண்ட் போனால் முதலில் ஒரு கும்பிடு, அப்புறம்தான் ஜெனரேட்டருக்குக் குரல்.

நீங்களும் அவளை நம்பிக் கேளுங்கள். நிச்சயம் தருவாள். அசல் சான்றிதழை மட்டும் எங்கள் அப்பா கண்ணில் காட்டிவிடாதீர்கள். அந்த மீசை இப்போதுதான் பழைய அழகுக்கு வந்திருக்கிறது.