பத்தொன்பதாவது கேமரா

இது கதையில்லை. என் வீட்டில் நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை.

எடுத்தவுடன் படத்தை வெளியே தள்ளும் பழைய கேமராக்களைச் சேர்ப்பது என் பித்து. சின்ன அறை அலமாரி முழுக்க அவைதான். மனைவிக்கு ஏழாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்கு அந்த அறை வேண்டும். எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாரமே பழைய சாமான் கடையில் இன்னொன்று வாங்கிவிட்டேன். பத்தொன்பதாவது.

ஞாயிறு மாலை. தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். சின்ன அறைக்குள்...

கிளிக். கிர்ர்ர்ர்...

"போங்க, உங்க சின்ன வீடு கூப்பிடுது" என்றாள் மனைவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வகைக் கேமராவுக்குத் தனி பேட்டரி கிடையாது. பிலிம் பெட்டிக்குள்தான் பேட்டரியும் இருக்கும். பெட்டி இல்லாவிட்டால் அது வெறும் டப்பா.

அறைக்குள் போய், புதிதாய் வாங்கிய பத்தொன்பதாவதைத் திறந்து பார்த்தேன்.

காலி.

பழசென்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, புதுப் பெட்டி ஒன்றைப் போட்டேன். அவளை அந்த அறைக்குள் கூப்பிட்டு, கேமராவைக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.

"சிரிங்களேன். என்ன திருட்டு முழி?"

கிளிக். கிர்ர்ர்ர்...

படம் தெளியக் கால் மணி நேரமாகும். கவிழ்த்து வைத்தோம். பொறுக்க முடியாமல் பாதியிலேயே திருப்பினேன்.

முதலில் ஜன்னல் தெரிந்தது.

ஜன்னல் அவளுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது...?

அடுத்து, அவள். கேமராவைக் கண்ணில் வைத்தபடி.

கீழ் ஓரத்தில், மங்கலாக ஒரு பின்தலை.

என்னுடையது.

எனக்குப் பின்னால் இருந்தது சுவர் மட்டும்.

"ஏங்க... இத யாரு எடுத்தா?"

மறுநாள் காலையிலேயே கேமராவைப் பிலிமோடு கடையில் திருப்பிக் கொடுத்தேன். மற்ற பதினெட்டையும் விற்றேன். அறைக்கு மஞ்சள் வண்ணம் பூசினோம். அவளுக்கு மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. எனக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, இன்று, கடைக்காரர் கூப்பிட்டார்.

"கடை வாசலத்தான் சார் எடுத்தேன். வேற ஏதோ வந்திருக்கு. நீங்க எடுத்தது உள்ளயே சிக்கிக்கிச்சோ என்னவோ. வந்து வாங்கிக்குங்க."

போனேன். படத்தை நீட்டினார்.

மஞ்சள் அறை. மிக அருகில் ஒரு மரத் தொட்டில். அதன் கம்பிகளுக்கு அப்பால் எங்கள் கதவு. சுவர்ப் பக்கமிருந்து எடுத்த படம்.

தொட்டிலை நாங்கள் வாங்கி, சுவரை ஒட்டிப் போட்டதே நேற்று மாலைதான்.

நான் திருப்பிக் கொடுத்தது... கேமராவை மட்டும்தான்.