உறுமி இல்லாமல் நடந்த கவிதா

“கவிதா அக்கா ஏம்மா இன்னிக்கு வாசிக்கல?” கிள்ளானில் என் பத்து வயது மகள் யாழினி கேட்ட கேள்வி இது. ஈப்போவுக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. அது இன்னும் என்னை விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஈப்போவில் ரயில் ஏறினோம். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு இருநூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். அங்கிருந்து கிள்ளானில் என் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணன் மகள் கவிதாவுக்குப் பதினைந்து வயது; உறுமி மேளக் குழுவில் முன்வரிசையில் வாசிப்பவள். பள்ளி விடுமுறைகளில் அவளிடம் கற்றுக்கொண்ட யாழினி, அன்று மாலை அம்மன் ஊர்வலத்தில் முதல்முறையாக வாசிக்கப் போகிறாள். என் மாமியார் தடுக்கவில்லை. “பெரிய பிள்ளை ஆகுற வரைக்கும் வாசிக்கட்டும்” என்றார். அந்த ‘வரைக்கும்’ வழியெல்லாம் என்னைக் குடைந்தது.

பத்து மணிக்குப் பிரிக்பீல்ட்சில் தோசை, இருவருக்கும் சேர்த்துப் பதினான்கு வெள்ளி கொடுத்தேன். யாழினி மேசை விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

பதினொரு மணி கொமுட்டர் ரயிலில் பெண்களுக்கான இளஞ்சிவப்புப் பெட்டி. எதிரே ஒரே நிற பாஜூ குரோங் உடையில் மலாய்ப் பெண்கள் நால்வர், மடியில் கொம்பாங் எனும் கைப்பறை. கல்யாண வீட்டுக்கு வாசிக்கப் போகிறார்களாம். மூத்தவரிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தேன்.

“என் மக யூனிவர்சிட்டில படிக்கிறா. ‘மா, நீங்க ஃபெமினிஸ்ட்’னு சொல்றா. நான் இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன். புருஷன்கிட்ட கேட்டுட்டுத்தான் வரேன். கேட்டாத்தானே அன்னிக்கு அவர் சோறாக்கணும்னு அவருக்குத் தெரியும்!”

நால்வரும் சிரித்தார்கள். பெண்ணியம் என்பதை நான் பரீட்சைக்குப் படித்தவள். அதில் இந்தச் சிரிப்பு இல்லை. குரலைத் தாழ்த்தி, மாதவிலக்கு நாளில் வாசிப்பீர்களா என்று கேட்டேன்.

“அப்போ தொழுகைதான் இல்ல. கொம்பாங்குக்கு என்ன?” என்றார்.

கிள்ளான் நிலையத்திலிருந்து எட்டு வெள்ளிக்கு கிராப் வாடகைக் கார். ஓட்டியவர் சீன ஆன்டி. எங்கே போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவரும் தொடங்கிவிட்டார். “என் பொண்ணு ஸ்கூல் டிரம் டீம்ல கேப்டன் லா. கை காய்ச்சுப் போச்சு, இவள யார் கட்டுவான்னு என் மாமியார் ஏசினாங்க. இப்போ அவங்கதான் எல்லாருக்கும் வீடியோ காட்டுறாங்க!” இறங்கும்போது யாழினியிடம், “அமோய், நல்லா அடி பொண்ணே!” என்றார்.

மாலை ஆறு மணி, கோயில். ஓர் அம்மா அண்ணியிடம் வந்தார். “வயசுக்கு வந்த பிள்ளைங்கள சாமிக்கு முன்னால வாசிக்க விடுறீங்களே?”

“நீங்களே அம்மன்கிட்ட கேட்டு எனக்கு வாட்ஸ்அப் போடுங்க லா, ஆன்டி” என்றார் அண்ணி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் அண்ணி என்று எனக்குப் பெருமை.

அப்போதுதான் கவிதாவைக் கவனித்தேன். குழுவின் சட்டை போட்டிருந்தாள், உறுமி இல்லை. வாசலுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றாள். யாழினி அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

அண்ணி என் காதருகே குனிந்தார். “அவளுக்கு இன்னிக்கு அந்த நாளு. நான் போகாதேன்னு சொல்லல, போன்னும் சொல்லல. அவளே நின்னுட்டா.” சற்றுமுன் கேட்ட குரல் இல்லை அது.

ஊர்வலம் கிளம்பியது. யாழினி வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து இழுத்ததும் எழுந்த ஓசை என் வயிற்றுக்குள் அதிர்ந்தது. முதல் திருப்பத்தில் தாளம் மாறியபோது அவள் தடுமாறினாள். சாலையோரமாகக் கூடவே நடந்துவந்த கவிதா, கையிலிருந்த போத்தலில் தட்டிக் காட்டினாள். யாழினி பார்த்தாள், பிடித்துக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில் குழுவிலிருந்த பையன்களும் அந்தப் போத்தலையே பார்த்தார்கள். என் வீட்டுப் பெண்கள் இருவரையும் நினைத்து அப்படியொரு பெருமிதம் எனக்கு.

மறுநாள் திரும்பும் ரயிலில், “அக்காவுக்குக் களைப்பு” என்று யாழினியிடம் சொல்லிவைத்தேன்.

“களைப்புன்னா எப்படி அவ்வளவு தூரம் நடந்தாங்க?”

ஈப்போவில் எங்கள் கோயிலில் உறுமி தூக்கும் பெண்பிள்ளையே இல்லை. இங்கே இந்தக் கேள்விக்கு இடமும் இல்லை. அடுத்த ஊர்வலத்துக்குள் யாழினியும் பெரிய பிள்ளையாகிவிடலாம். அந்த நாளில் போ என்று சொன்னால் சாமி காரியத்தில் தவறிவிடுவேனோ என்று பயம். நில் என்று சொல்ல வாய் வராது. ஒன்றும் சொல்லாமலிருந்தால் அவளே நின்றுவிடுவாள், அதையும் பார்த்துவிட்டேன். மகளைப் பெற்றவர்களே, உங்கள் வீட்டில் என்ன சொன்னீர்கள்? எனக்கு எழுதுங்கள்.