கை எடுத்தாச்சா?

என் மனைவியின் மூக்கிலிருந்து ஆக்சிஜன் மெஷின்வரை பதினைந்து அடிக் குழாய். மெஷினிலிருந்து சுவர் பிளக்வரை ஆறு அடி ஒயர். கட்டிலிலிருந்து வாசல்நடையில் இருக்கும் மெயின் போர்டுக்கு ஒன்பது எட்டு. கொல்லைக்கு இருபத்திரண்டு எட்டு. மில்லின் டைம் ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆட்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எண்ண ஆள் இல்லாமல் வீட்டை எண்ணத் தொடங்கினேன்.

உப்பளம் பகுதியில் இருக்கும் இந்த வீடு அவளுடைய அப்பாவுடையது. அவர் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். மகளையும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கவைத்தார். நான் விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து வந்தவன், எனக்கு இங்கிலீஷ்தான். பிள்ளைகள் இல்லை. நாற்பத்தொரு வருஷமும் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எதையாவது எண்ணத் தொடங்கினால் அவள் என்னை ‘முசே’ என்பாள், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். மற்ற நேரத்தில் ‘என்னாங்க’.

நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற வியாதி. இரவும் பகலும் மெஷின் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரண்ட் போனால் மெஷின் ஒரே குரலில் கத்தும். நான் ஓடிப்போய்க் குழாயைக் கழற்றிப் பெரிய சிலிண்டரில் மாட்ட நாற்பது விநாடி ஆகும். அந்த நாற்பது விநாடியும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சிலிண்டர் ஒரு ராத்திரிதான் தாங்கும். அதனால் ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கினோம். புகை உள்ளே வரக்கூடாது என்று கொல்லையில், கதவிலிருந்து தள்ளி வைத்தோம்.

வயரிங் செய்ய, சாரம் பகுதியிலிருந்து எலக்ட்ரீஷியன் பாய் வந்தார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று போட வேண்டும் என்றார். ஒரே கைப்பிடி. மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. சரியான அளவு சுவிட்ச் கைவசம் இல்லை, பத்து நாளில் வந்துவிடும், அதுவரை மெஷினுக்கு மட்டும் நேராகத் தனி ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

தனி ஒயர் ஆறு அடி குறைந்தது. வேறு ஒயர் வாங்கியிருக்கலாம். நான் வேறு யோசனை சொன்னேன். கொல்லையில் வாஷிங் மெஷினுக்கென்று ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்று செய்து ஜெனரேட்டரை அதில் சொருகிவிட்டால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடுமே என்றேன்.

“அந்த ஒயர நான் பண்ணித் தரமாட்டேன் சார்,” என்றார் பாய். “வூட்டுக்குள்ள குடுத்த கரண்டு தெருவுக்கும் போவும். கம்பத்துல இருக்கறவன் செத்துருவான்.”

மெயினை அணைத்துவிட்டால் போகாதே என்றேன்.

“மறந்துட்டா?”

நான் மறக்கிற ஆள் இல்லை என்றேன். கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். “முசே மறக்கமாட்டாரு பாய். எங்க கல்யாணத்துல எத்தினி பேரு சாப்ட்டாங்கன்னு இன்னிக்குக் கேளுங்க, சொல்லுவாரு.” முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். சொன்னேன். பாய் சிரிக்கவில்லை.

அந்த ஒயரை நானே செய்தேன். ஒரு அட்டையில் ஏழு படிகள் எழுதி அவள் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். கரண்ட் போனால் அவள் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும், நான் கொல்லையிலிருந்து ‘ஆச்சு’ என்று பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது படி மெயினை அணைப்பது. போர்டில் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று அதை மட்டும் ‘மெயின் ஆஃப்’ என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன்.

அவள் அதைப் பார்த்ததும் சிரித்தாள். மெயின் என்று இங்கிலீஷில் எழுதுகிற அதே நான்கு எழுத்துக்கு பிரெஞ்சில் கை என்று அர்த்தமாம். “மூணாவது, கைய எடுக்கணுமா?” என்றாள். ஒத்திகை பார்த்த ஐந்து முறையும் அப்படியேதான் வாசித்தாள். “மூணு. கை எடுத்தாச்சா?” நானும் போர்டை அணைத்துவிட்டு வந்து “எடுத்தாச்சு” என்பேன். மூச்சு வாங்குகிறவள் சிரிக்கிறாளே என்று எனக்கு அது பிடித்திருந்தது.

எட்டாம் நாள் புயல் வந்தது. சாயங்காலம் போன கரண்ட் திரும்பவில்லை. மழையில் ஜெனரேட்டரை ஓட்ட முடியாது. ராத்திரி முழுக்கச் சிலிண்டரே மூச்சுக் கொடுத்தது. காலையில் மழை விட்டபோது சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

நான் கொல்லைக்கு ஓடினேன். தரையெல்லாம் வேப்பங்கிளைகள். அவள் உள்ளேயிருந்து வாசிக்கத் தொடங்கினாள். ஒன்று, தண்ணீர் மோட்டாரும் ஃபிரிட்ஜும் அணைத்தாச்சா? ஆச்சு. இரண்டு, பெட்ரோல் குழாய் திறந்தாச்சா? குழாய் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தேன். அது சட்டென்று திறந்துகொண்டது. அதே நொடியில் அவள் குரல் வந்தது.

“மூணு. கை எடுத்தாச்சா?”

நான் பெட்ரோல் குழாயிலிருந்து கையை எடுத்தேன். “எடுத்தாச்சு,” என்றேன்.

பிறகு ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தேன். நான்காவது இழுப்பில் ஓடியது. ஒயரைச் சொருகினேன். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே போய்க் குழாயைச் சிலிண்டரிலிருந்து மெஷினுக்கு மாற்றி, ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை அவள் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு. எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பக்கத்து வூட்ல லைட் எரியுதே,” என்றாள்.

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர்கள் பிரான்சுக்குப் போய் மூன்று வருஷம். போர்ட்டிகோ விளக்கின் சுவிட்சை அணைக்காமல் போய்விட்டதால், கரண்ட் இருக்கும்போதெல்லாம் அது பகலிலும் எரியும். அப்படியானால் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டதா? வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். எதிர் வரிசையில் ஒரு வீட்டிலும் விளக்கில்லை. கிளை விழுந்து கம்பி அறுந்திருந்தது. அறுந்த துண்டில் எங்கள் வீடும் அந்தப் பூட்டிய வீடும் மட்டும்தான். அந்தத் துண்டைச் சேர்ப்பதற்காகத்தான் கம்பத்தில் ஏணி சாய்த்து லைன்மேன் ஒருவர் மேலே நின்றிருந்தார். ஒரு கையில் கையுறை. இன்னொரு கையுறையைப் பல்லில் கடித்திருந்தார்.

போர்டைப் பார்த்தேன். மெயின் மேலே நின்றிருந்தது.

அதைக் கீழே தள்ளினேனா, முதலில் தெருவைப் பார்த்துக் கத்தினேனா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எண்ணிக்கை இல்லாமல் என் வாழ்க்கையில் கழிந்த நேரம் அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு விளக்கு அணைந்தது. அவர் பல்லிலிருந்த கையுறையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் இரண்டு படி இறங்கி நின்றார். யார் வீட்டில் ஜெனரேட்டர் என்று கேட்டார். என் வீட்டில்தான் என்றேன்.

“படிச்சவருதான சார் நீங்க,” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே வந்தபோது அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. மூக்குக் குழாயைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். “ஜெனரேட்டர ஆஃப் பண்ணுங்க. அந்த ஆளு எறங்கட்டும்.”

மெயினை அணைத்துவிட்டேன், இனி ஒன்றும் போகாது, மெஷின் ஓடலாம் என்றேன். உண்மையும் அதுதான்.

“அப்பவும் எடுத்தாச்சுன்னுதான சொன்னீங்க,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நாற்பத்தொரு வருஷத்தில் என் எண்ணிக்கையை அவள் நம்பாமல் போனது அந்த ஒரு முறைதான். நான் கொல்லைக்குப் போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

நாற்பத்தேழு நிமிஷம். சிலிண்டர் காலி. அவளைச் சாய்த்து உட்காரவைத்து விசிறியால் வீசினேன். கிளிப் தொண்ணூற்று ஒன்று காட்டியது, பிறகு எண்பத்தாறு, எண்பத்திரண்டு. நகச்சாயம் பூசினால் கிளிப் சரியாகக் காட்டாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் சாயம் பூசுவதில்லை. பூசாத நகங்கள் நீலமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்பதில் மறுபடி கெஞ்சினேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வெளியே கம்பி சேர்ந்து, ஏணி இறங்கி, தெரு முழுக்க ஃபேன்கள் சுற்றத் தொடங்கிய பிறகுதான் குழாயை மாட்டிக்கொள்ள விட்டாள்.

மறுநாள் பாய் சுவிட்சோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என் ஒயரை வாங்கி இரண்டு பிளக்கையும் வெட்டியெடுத்தார். சுவிட்சை மாட்டி, கைப்பிடிக்கு மேலே ‘மெயின்’ என்றும் கீழே ‘ஜென்’ என்றும் இங்கிலீஷ் எழுத்தில் சிவப்புப் பெயின்டால் எழுதிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் குழாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவள் அதைப் பார்க்க வந்தாள். பதினைந்து அடியும் சரியாக எட்டியது. வெகுநேரம் பார்த்தாள். “மேல கை. கீழ ஜனங்க. ஆனா பாய் ஒரு எழுத்த வுட்டுட்டாரு,” என்றாள். பிரெஞ்சில் ஜனங்கள் என்று எழுத, அந்த மூன்று எழுத்தோடு கடைசியில் ஒரு ‘எஸ்’ சேர வேண்டுமாம். பூசாமல் வைத்திருந்த நகச்சாயத்தை எடுத்துவரச் சொன்னாள். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த எழுத்தை எழுதினாள். அதற்கே இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

அதற்குப் பிறகு ஒன்பது முறை கரண்ட் போனது. ஒன்பது முறையும் சுவிட்ச் சரியாக வேலை செய்தது. அட்டையை நான் கழற்றவில்லை. அவள்தான் வாசிப்பதை விட்டுவிட்டாள். நான் கொல்லையில் நின்று ஒவ்வொரு முறையும் அவள் குரலுக்காகக் காத்திருப்பேன். வராது.

சுவிட்ச் மாட்டிய நூற்றுப் பதினோராம் நாள் அவள் போனாள். அந்த நாற்பத்தேழு நிமிஷத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வியாதியின் போக்கே இதுதான் என்று டாக்டர் சொன்னார். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையேதான் சொன்னார். நான் நாலாவது முறை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று கரண்ட் போகவில்லை. ஜெனரேட்டர் மூடிக் கிடந்தது. மெஷின் முழு வேகத்தில் ஓடியும் போதவில்லை. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளிப்பைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். மத்தியானம் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“கை எடுத்தாச்சா?”

இந்த முறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். “இல்ல.”

நான்கு மாதம் கழித்து, முதலியார்பேட்டையில் இதே மெஷினோடு படுத்திருக்கும் ஒருவருக்கு ஜெனரேட்டரைக் கொடுத்துவிட முடிவுசெய்தேன். முதலில் அங்கே சுவிட்ச் மாட்ட வேண்டும், நான் நேரில் வந்து பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர் வரும் என்று சொன்னேன். பாய் மாட்டினார். போய்ப் பார்த்தேன். கைப்பிடியை ஆறு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரம்மா காபி கொண்டுவந்து கொடுத்து, கை வலிக்கப்போகிறது, போதும் என்றார்.

மறுநாள் பாய் ஜெனரேட்டரை எடுத்துப்போக இங்கே வந்தார். ஒயரைக் கழற்றிய பிறகு, சுவிட்சையும் கழற்றிவிடவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அவர் குனிந்து தான் எழுதியதைப் பார்த்தார். அவர் எழுத்து மங்கியிருந்தது. கடைசி எழுத்து மட்டும் பளபளவென்று இருந்தது.

“இந்த எஸ்ஸ யாரு சார் போட்டது?” என்றார். “இங்க இருந்தது ஒரே ஒரு ஜெனரேட்டர்தான?”

“ஆமா பாய்,” என்றேன். “ஒண்ணுதான்.”